நாண்: வெட்கமா, கயிறா?

என்னிடம் படித்த ஒருவர் போன கிழமை கேட்டது இது: “சேர், நாண் எண்டா வெட்கம். நாண் எண்டா கயிறு. ரெண்டும் ஒரே சொல்லோ? அதோட, வெட்கத்தை விடுறதுக்குப் போய் வள்ளுவர் ஏன் ‘நாணுத் துறவு’ எண்டு துறவையெல்லாம் கொண்டுவாறார்? மகள் உயர்தரத்துக்குத் தமிழ் படிக்கிறாள். அவள் கேக்க எனக்குச் சொல்லத் தெரியேல்லை.”

நல்ல கேள்வி. இரண்டாவது பாதி இன்னும் நல்ல கேள்வி. ஆனால் முதல் பாதியைத் தீர்க்காமல் அதற்குப் போக முடியாது.

முதலில் கயிறு. கயிறு என்ற பொருளில் வரும் நாணுக்குப் பழைய வடிவம் ஞாண். சொல்லின் முதலில் நின்ற ‘ஞ’ தமிழில் பல இடங்களில் ‘ந’ ஆகிவிட்டது. ஞண்டு நண்டாயிற்று, ஞமன் நமனானான். ஞாயிறு மட்டும் வாரத்தில் ஒருநாள் பிடிவாதமாக அப்படியே நிற்கிறது. மலையாளத்தில் அந்த மாற்றம் நடக்கவில்லை. அவர்கள் இன்றைக்கும் நண்டை ஞண்டு என்கிறார்கள், நானை ஞான் என்கிறார்கள். வில்லின் கயிற்றை என்னவென்கிறார்கள்? ஞாண். வெட்கத்தை? நாணம். அங்கே இரண்டு சொல்லும் இரண்டு எழுத்தில் தொடங்குகின்றன. கன்னடத்தில் இன்னும் தெளிவு. வெட்கத்துக்கு நாண், நாசிகே. கயிறு, சுருக்கு என்பதற்கு நேணு. ஆக, இவை பிறப்பால் இரண்டு சொற்கள். தமிழில் ஒலி தேய்ந்து ஒரே முகத்தைப் பெற்றுக்கொண்டன. இரட்டைப் பிள்ளைகள் அல்ல, ஒரே சாயலில் இருக்கும் அயல்வீட்டுக்காரர்.

ஞாண் எங்கள் வாயில் இன்னும் ஒளிந்திருக்கும் இடம் ஒன்று உண்டு. அரைஞாண். அரை என்றால் இடுப்பு. ஊரில் அருணாக்கொடி என்போம். மலையாளத்தில் அரஞ்ஞாணம். பேரன் பிறந்து முப்பத்தொன்று கழிந்ததும் வெள்ளியில் ஒன்று கட்டினோம். இப்போது அவனுக்கு இரண்டு வயது. குளிக்க வார்த்துத் துடைத்து விட்டால், கழுசானைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடுகிறவர்களுக்குப் பிடிகொடுக்காமல் வீட்டைச் சுற்றி ஓடுவான். இடுப்பில் அந்தக் கொடி ஒன்றுதான் மினுங்கும். “வெக்கம் கெட்டவன், அருணாக்கொடிதான் இவனுக்கு உடுப்பு” என்று மனைவி சிரிப்பா. அந்தக் காலத்தில் ஆண்கள் கோவணத்தைச் செருகியது இந்தக் கொடியில்தான். வெட்கத்தை மறைக்கும் துணியைத் தாங்கியது ஒரு நாண்! இதை வைத்து இரண்டும் ஒரே சொல் என்று நிறுவ வருகிறவர்களைக் கண்டிருக்கிறேன். கேட்க ருசியாக இருக்கும். ஆனால் சொல்லாராய்ச்சியில் ருசி சாட்சியாகாது.

கயிற்று நாண் பேச்சில் செத்துவிட்டது. கடற்கரையில் கரைவலை இழுக்கிறவர்களிடம் போய் “அந்த நாணை இழுங்கோ” என்று சொன்னால் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். ஆனால் பாடப்புத்தகத்தில் அது ராசா மாதிரி இருக்கிறது. எங்கள் விஞ்ஞானப் புத்தகத்தில் முள்ளந்தண்டுக்குள் ஓடுவது முண்ணாண், அதாவது முள்ளும் நாணும் சேர்ந்தது. தமிழ்நாட்டில் அதைத் தண்டுவடம் என்கிறார்கள். வடமும் கயிறுதான், காளி கோயில் தேரில் பிடித்து இழுக்கிறோமே, அது. தொண்டைக்குள் இருப்பது குரல்நாண். கணிதத்தில் வட்டத்தின் ஒரு துண்டு வில், அதன் இரு முனைகளையும் தொடுக்கும் நேர்கோடு நாண். வில்லை வளைத்து நாணேற்றிய படம் அப்படியே அங்கே கிடக்கிறது. சமஸ்கிருதத்திலும் இதே உருவகம்தான். ஜ்யா என்றால் வில்லின் நாண், கணிதத்திலும் அதுவே நாண். எங்கள் திருகோணமலைப் பிள்ளைகளுக்கு நான் சொல்லும் பகிடி ஒன்று: நாண் எங்கே இருக்கிறதோ அங்கே கோணம் இருக்கும், கோணம் எங்கே இருக்கிறதோ அங்கே நாங்கள் இருப்போம். நாணிக் கோணி நிற்பது என்ற தொடரில் வரும் கோணுதலும் வளைதல்தான்.

இடையில் வேறு இரண்டு சொற்களையும் ஒதுக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் மகள் குழம்புவாள். ஒன்று நாணயம். 2022இல் எண்ணெய் வரிசையில் நின்றபோது எனக்கு முன்னால் நின்றவர், “நாண் இருக்கிறவன்ர கையில இருக்க வேண்டியதுதான் நாணயம், அதுதான் இப்ப மதிப்பில்லாமல் போச்சு” என்றார். வரிசை முழுக்கச் சிரித்தது, நானும்தான். ஆனால் நாணயம் வடமொழியில் காசைக் குறிக்கும் நாணகம் என்ற சொல்லிலிருந்து வந்தது. நேர்மை என்ற பொருள் பிறகு ஏறியது, நல்ல காசைத் தட்டிப் பார்த்து நம்புகிற மாதிரி. மற்றது, “அவன் நாண்டுகொண்டு நிக்கிறான்” என்று பிடிவாதக்காரரைச் சொல்கிறோமே, அது. அதற்கும் வெட்கத்துக்கும் உறவில்லை. தொங்குதல் என்ற பொருளுள்ள ஞால், நால் என்ற வினையின் பிள்ளை அது. விடாமல் தொங்கிக்கொண்டு நிற்கிறான் என்பதுதான் உள்ளே இருப்பது.

சரி, இனி வெட்கப் பக்கத்து நாண்.

இதிலும் ஒரு சிக்கல். இன்றைக்கு நாணம் என்றால் கல்யாணப் படத்தில் தலை குனிந்து நிற்கும் பொம்பிளையின் முகம்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். அன்றாடப் பேச்சில் யாரும் நாணம் என்று சொல்வதில்லை. எங்களுக்கு இருப்பவை வெக்கம், கூச்சம், மானம், ரோசம். இவற்றில் கூச்சம் உடம்பில் தொடங்குவது. பல் கூசும், கண் கூசும், அந்நிய வீட்டில் இரண்டாம் தரம் சோறு போட வந்தால் வேண்டாம் என்று கை தானாகக் கோப்பையை மூடும். பசி இருக்கும், ஆனாலும் மூடும். வெக்கம் அகலமான சொல். பொம்பிளை பார்க்க வந்தாலும் வெக்கம், களவு பிடிபட்டாலும் வெக்கம். “உனக்கு வெக்கமில்லையா?” என்று கேட்டால் எந்த வெக்கத்தைக் கேட்கிறார்கள் என்பது கேட்கிற குரலில்தான் இருக்கிறது.

வள்ளுவர் இந்த இரண்டையும் பிரித்துக்கொண்டுதான் 102ஆம் அதிகாரத்தையே தொடங்குகிறார்.

கருமத்தால் நாணுதல் நாணுத் திருநுதல்
நல்லவர் நாணுப் பிற.

செய்த காரியத்துக்காக நாணுவதுதான் நாண். அழகிய நெற்றியுள்ள பெண்களின் நாணம் வேறு. ‘பிற’ என்ற ஒரு சொல்லில் கதையை முடித்துவிடுகிறார். பெண்ணின் கூச்சத்தைக் குறைத்துச் சொன்னதாக நான் இதை வாசிக்கவில்லை. நான் பேசப்போவது அதுவல்ல என்று முதலிலேயே மேசையைத் துடைக்கிறார், அவ்வளவுதான். பிறகு வரும் ஒன்பது குறளிலும் அவர் பேசுவது பழி செய்ய மனம் பின்வாங்குவதைப் பற்றி. பிறர் பழிக்கும் தம் பழிக்கும் ஒரேமாதிரி நாணுகிறவர்களை, நாணம் குடியிருக்கும் ஊர் என்கிறார். இந்த நாணுக்கு இன்றைய தமிழில் கிட்ட வரும் சொல் வெட்கமல்ல, மனச்சாட்சி.

இந்த வேறுபாட்டை விட்டால் பின்னால் பிழை வரும். அச்சம், மடம், நாணம், பயிர்ப்பு என்று பெண்ணுக்கு நாலு குணத்தை அடுக்கும் வழக்கம் இருக்கிறது. பாரதி “நாணும் அச்சமும் நாய்கட்கு வேண்டுமாம்” என்று சீறியது அந்த நாணைத்தான், 102ஆம் அதிகாரத்து நாணை அல்ல. அவர் சிறுபிள்ளையாக இருந்த 1892இலேயே எங்கள் திருகோணமலைக்காரர் தி.த. சரவணமுத்துப்பிள்ளை ‘தத்தை விடு தூது’ என்ற செய்யுள் நூலில் பெண்ணின் கல்விக்கும் விடுதலைக்கும் குரல் கொடுத்திருந்தார் என்பதை, ஊர்ப்பற்றோடு இங்கே செருகி வைக்கிறேன். அவருடைய ‘மோகனாங்கி’ நாவலைப் பற்றிப் பேசுகிறவர்கள்கூட இதை மறந்துவிடுகிறார்கள்.

அதே அதிகாரத்தின் கடைசிக் குறளில்தான் நான் வசமாக மாட்டியது.

நாண்அகத் தில்லார் இயக்கம் மரப்பாவை
நாணால் உயிர்மருட்டி அற்று.

படிப்பிக்கத் தொடங்கிய புதிது. “உள்ளத்தில் நாணம் இல்லாதவர் நடமாடுவது, மரப்பாவை நாணத்தால் உயிருள்ளதுபோல் மயக்குவதைப் போன்றது” என்று கரும்பலகையில் அழகாக எழுதிவிட்டுத் திரும்பினேன். கடைசி வாங்கில் இருந்து ஒரு பையன் எழும்பினான். தகப்பன் கடற்றொழிலாளி. பள்ளிக்கூடம் விட்டால் இவன் வலை பொத்தப் போய்விடுவான். “சேர், மரப்பாவைக்கு ஏது வெக்கம்? அதைக் கயித்திலயல்லோ கட்டி ஆட்டுறது?” என்றான். வகுப்பு என்னைப் பார்த்தது. நான் உரையைச் சரியாகப் பார்க்காமல் வந்திருந்தேன். இரண்டாவது நாண் கயிறு என்று உரைகளில் பச்சையாக எழுதியிருக்கிறது. டஸ்டரை எடுத்து எழுதியதை அழித்தேன். “நீ சொன்னதுதான் சரி, நான் பிழை” என்று சொல்ல அரை நிமிடம் பிடித்தது. கருமத்தால் நாணுதல் என்றால் என்ன என்று அன்றைக்கு எனக்கு உரை தேவைப்படவில்லை.

அந்தப் பையனால் குறள் எனக்கு வேறுமாதிரித் திறந்தது. உள்ளே ஒரு நாண் இருந்தால் மனிதன் தானாக இயங்குவான். அது இல்லாதவனை வெளியே இருக்கிற ஒரு நாண் இயக்கும். ஆசை, பயம், பதவி, இன்னொருவரின் விரல் என்று ஏதோ ஒன்று பிடித்து இழுக்கும். அவன் நடக்கிறான், பேசுகிறான், கை காட்டுகிறான், ஆனால் உயிர் என்பது பார்க்கிறவரின் மயக்கம். பிறப்பால் உறவில்லாத இரண்டு சொல்லுக்கு வள்ளுவர் ஏழு சீருக்குள் கல்யாணம் செய்து வைத்துவிட்டார். இரண்டும் ஒரே சொல்லா என்று கேட்டால் என் பதில்: மொழி வரலாற்றில் இல்லை, இந்தக் குறளுக்குள் ஆம்.

இனித் துறவு. மகள் கேட்டதில் எனக்குப் பிடித்தது இதுதான்.

114ஆம் அதிகாரம் நாணுத் துறவுரைத்தல். சந்தர்ப்பம் மடலேறுதல். காதலித்த பெண்ணை அடைய வேறு வழியில்லாத ஒருவன், பனைமடலால் குதிரை செய்து, எருக்கம்பூ மாலை போட்டுக்கொண்டு, ஊர் நடுத்தெருவில் அதன்மேல் ஏறி வருவான், அல்லது வருவேன் என்று மிரட்டுவான். ஊர் சிரிக்கும். பெண் வீட்டாருக்கு வேறு வழி இருக்காது. குறுந்தொகை 17ஆம் பாட்டு இதை நாலே வரியில் சொல்லும்: மடலைக் குதிரை என்று ஏறுவார்கள், எருக்கம் மொட்டைப் பூ என்று சூடுவார்கள், தெருவில் ஊர் ஆர்ப்பரிக்கவும் விடுவார்கள், காமம் முற்றினால்.

பனைமடல் என்றால் என்னவென்று எங்கள் பக்கத்தில் விளக்கத் தேவையில்லை. சின்ன வயதில் சாம்பல்தீவில் மாமி வீட்டு வளவில் கமுகம் மட்டையில் ஒருவரை இருத்தி மற்றவர் இழுத்து ஓடுவோம். ஒருநாள் கமுகம் மட்டை கிடைக்காமல் பனைமட்டையை எடுத்தோம். மட்டையின் இரண்டு பக்கமும் வாள்ப்பல் மாதிரிக் கருக்கு. பத்து யார் தூரம் போகவில்லை, தொடை இரண்டும் கீறி ரத்தம். மாமி மஞ்சள் பூசிக்கொண்டே ஏசினா. மடலேறுகிறவன் ஏறுவது இந்தக் கருக்கின்மேல். எருக்கலை வேலியோரத்தில் கிடந்தாலும் யாரும் தலையில் வைக்க மாட்டாத பூ. ஆக, உடம்பு நோகும், அலங்காரம் கேலியாகும், ஊர் பார்க்கும். இவ்வளவையும் தானே விரும்பி எடுத்துக்கொள்கிறான். இதைத் தவக்கோலம் என்று சொன்னால் யார் மறுக்க முடியும்?

ஆனால் துறவு என்ற சொல் வந்த காரணம் கோலம் அல்ல. அது ஒரு கணக்கு. 102ஆம் அதிகாரத்தின் பெயரைப் பாருங்கள்: நாணுடைமை. உடைமை என்றால் கையில் இருக்கும் சொத்து. துறவு என்றால் கையில் இருப்பதை விடுதல். இல்லாதவன் எதைத் துறப்பான்? காணியே இல்லாதவன் காணியைத் துறந்தேன் என்றால் சிரிப்போம். வெட்கம் கெட்டவன் மடலேறினால் அது நாணுத் துறவு ஆகாது, சும்மா ஒரு கூத்து. நாணை உடையவன் அதை விடும்போதுதான் துறவு. மடலேறுகிறவனே இதைச் சொல்கிறான்:

நாணொடு நல்லாண்மை பண்டுடையேன் இன்றுடையேன்
காமுற்றார் ஏறும் மடல்.

முன்பு என்னிடம் நாணும் ஆண்மையும் இருந்தன, இன்று என்னிடம் இருப்பது மடல். பண்டு உடையேன், இன்று உடையேன். சொத்துப் பட்டியல் மாதிரியே பேசுகிறான். இதற்கு முந்திய குறளில் நாணினை “நீக்கி நிறுத்து” என்கிறான். அழித்துவிட்டு என்று சொல்லவில்லை, ஒரு பக்கமாக எடுத்து வைத்துவிட்டு. அடுத்த குறளிலோ காமம் என்ற வெள்ளம் நாணும் ஆண்மையும் ஆகிய தெப்பத்தை அடித்துக்கொண்டு போகிறது. எடுத்து வைத்தேன் என்கிறவனும், வெள்ளம் கொண்டுபோனது என்கிறவனும் ஒரே ஆள். விட்டது நானா, போனது தானா என்பது அவனுக்கே நிச்சயமில்லை. இந்தத் தடுமாற்றத்துக்காகவே நான் இந்த அதிகாரத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பேன்.

இதற்கு எதிர்ப் பக்கமும் அவரிடம் உண்டு. 1017ஆம் குறளில், நாணை ஆளுகிறவர்கள் நாணுக்காக உயிரைத் துறப்பார்கள், உயிருக்காக நாணைத் துறக்கமாட்டார்கள் என்கிறார். அங்கேயும் அதே துறத்தல்தான். தராசின் ஒரு தட்டில் நாண், மறு தட்டில் உயிர். அறத்தையும் அரசியலையும் பேசும்போது நாண் உயிரைவிடக் கனம். காமத்துப்பாலுக்கு வந்தால் அதையே ஒருவன் தெருவில் இறக்கி வைக்கிறான். முரண் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. விலை தெரிந்த பொருளைக் கொடுத்தால்தான் கொடுத்ததற்கு மதிப்பு. முன் அதிகாரத்தில் அவர் விலையை எழுதி ஒட்டியது இதற்குத்தான் என்று நினைக்கிறேன்.

என்னோடு படிப்பித்த கத்தோலிக்க டீச்சர் ஒருவர், தவக்காலத்தில் தாங்கள் செய்யும் ஒறுத்தலும் இதுதானா என்று ஒருமுறை கேட்டார். மீனையும் இறைச்சியையும் விட்டுவிட்டுப் பகலில் ஒருநேரம் கஞ்சியோடு இருந்தவர் அவர். ஒறுத்தல் வேறு சொல். குறளில் அதற்குத் தண்டித்தல் என்று பொருள். “இன்னாசெய் தாரை ஒறுத்தல் அவர்நாண நன்னயஞ் செய்து விடல்” என்பது எல்லோருக்கும் பாடம். தண்டனையைப் பிறர்மேல் இருந்து எடுத்துத் தன்மேல் வைத்துக்கொண்டால் அது தேவாலயத்துத் தமிழில் தன்னொறுத்தல். அதில் நோவு கட்டாயம். துறவில் நோவு கட்டாயமில்லை, விடுதல்தான் கட்டாயம். துறவு அதிகாரத்தின் முதல் குறளே, எதை எதை விட்டானோ அதனால் அதனால் நோவு இல்லை என்றுதான் சொல்கிறது. மடலேறுகிறவன் பாவம், இரண்டிலும் மாட்டியவன். நாணை விட்டுவிட்டான், கருக்கு மட்டும் குத்துகிறது.

மகள் நிச்சயமாகக் கேட்கப்போகும் ஒன்று: பெண் ஏன் மடலேறுவதில்லை? தொல்காப்பியம் எந்தத் திணையிலும் பெண்ணுக்கு அது இல்லை என்று விதி வைத்தது. வள்ளுவரும் “கடலன்ன காமம் உழந்தும் மடலேறாப் பெண்”ணைப் போலப் பெருமை உள்ளது இல்லை என்றார். எங்கள் ஊரில் மூன்று பக்கமும் கடலைப் பார்த்துக்கொண்டு இந்தக் குறளைப் படிப்பிக்கும்போது, முன் வாங்குப் பெண்பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்ப்பது எனக்குத் தெரியும். பெருமையாம், ஆனால் வழியில்லையாம். அந்த விதியைத் திருமங்கையாழ்வார் தன் மடல் நூல்களில் உடைத்தார். தலைவியாகவே பேசி, பெண் மடலேறுவதில்லை என்பது தென்னாட்டுப் பேச்சு, எங்களுக்கு அது வேண்டாம், வடநெறியே வேண்டினோம் என்று துணிந்து சொல்லிவிட்டார். கடவுளைக் காதலிக்கிறவளாக நின்றுதான் அதைச் சொல்ல முடிந்தது. அதுவும் யோசிக்க வேண்டியதுதான்.

பரீட்சைக்கு ஒன்று. 1020ஆம் குறளில் அணி கேட்டால் உவமையோடு விட்டுவிடாமல், ஒரே சொல் வேறு பொருளில் திரும்பி வருவதால் சொற்பின்வருநிலை என்பதையும் எழுதச் சொல்லுங்கள். 1133ஐ எழுதும்போது ‘உடையேன்’ இரண்டையும் கோடிட்டால் துறவு என்ற சொல்லுக்கு விளக்கம் தானாக வந்துவிடும். அப்புறம், நிலாவெளிப் பக்கம் போக நேர்ந்தால் வழியில் சாம்பல்தீவில் இறங்கி, கருக்கு சீவாத பனைமட்டை ஒன்றை எடுத்து அவளிடம் காட்டுங்கள். கை கவனம்.